வாசகர் கேள்வி–பதில்: மேடையை விடாத கேட் பிளாஞ்செட்

ஆஸ்திரேலிய நடிகை கேட் பிளாஞ்செட் பற்றியும், மேடை நடிப்புக்கும் கேமரா நடிப்புக்கும் உள்ள வித்தியாசம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஹாலிவுட் படங்களில் பார்த்து அவரை இங்கிலாந்துக்காரர் என்றே நினைத்திருந்தேன். நிஜமாகவே ஆஸ்திரேலியரா? நடிக்க எப்படி வந்தார்?
— கல்லூரி மாணவி, திருச்சி

மெல்பர்னில் 1969 மே 14 அன்று பிறந்தவர். அம்மா ஆஸ்திரேலியர். அப்பா அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வந்தவர். கேட்டுக்குப் பத்து வயதாகும்போதே அவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் நுண்கலையும் படிக்கச் சேர்ந்தார் கேட். அதைப் பாதியில் விட்டுவிட்டு, சிட்னியில் இருக்கும் 'நைடா' என்ற தேசிய நாடகப் பள்ளிக்குப் போனார். 1992-ல் அங்கே படிப்பை முடித்தார். மெல் கிப்சன், ஜூடி டேவிஸ், ஹியூகோ வீவிங் எல்லாம் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான்.

நைடாவில் நடிப்புப் படிப்பு மூன்று வருடம், முழு நேரம். குரல், உடல் அசைவு, பேச்சு வழக்கு, செவ்வியல் நாடகம் என்று காலையிலிருந்து மாலை வரை வகுப்பு நடக்கும். அதற்கு மேல் ஒத்திகை. அங்கே 'எலெக்ட்ரா' நாடகத்தைத் தயாரித்தபோது, ஒத்திகை ஆரம்பித்துச் சில வாரங்களில் தலைப்புப் பாத்திரத்தில் நடிக்க வேண்டிய மாணவி விலகிவிட்டார். இயக்குநர் லிண்டி டேவிஸ் அந்த வேடத்தைக் கேட்டிடம் கொடுத்தார். சிட்னி நாடக உலகம் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

படிப்பு முடிந்த அடுத்த வருடமே, 1993-ல், சிட்னி தியேட்டர் கம்பெனியின் 'ஒலியானா' நாடகத்தில் ஜெஃப்ரி ரஷ்ஷுக்கு எதிராக நடித்தார். இரண்டே பாத்திரங்கள் உள்ள நாடகம் அது. ஒருவர் தொய்ந்தால் மறைத்துக்கொள்ள மேடையில் மூன்றாவது ஆள் கிடையாது. 'ஒலியானா'வுக்குச் சிறந்த நடிகை, 'காஃப்கா டான்சஸ்' நாடகத்துக்குச் சிறந்த புதுமுகம் என்று சிட்னி நாடக விமர்சகர்களின் இரண்டு விருதும் அவருக்கே கிடைத்தன. அடுத்து பெல்வோர் அரங்கில் நீல் ஆர்ம்ஃபீல்ட் இயக்கிய 'ஹாம்லெட்'. ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் ஹாம்லெட், ஜெஃப்ரி ரஷ் ஹொரேஷியோ, கேட் ஒஃபீலியா. இந்த இரண்டு ஆண்களின் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை வருவார்கள்.

டிவியில் நடித்தாரா, நேராக சினிமாவுக்குப் போய்விட்டாரா?
— வாசகர், சேலம்

டிவி வழியாகத்தான் போனார். அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி 1994-ல் எடுத்த 'ஹார்ட்லேண்ட்' தொடரில் எர்னி டிங்கோவுடன் முக்கிய வேடம். 1995-ல் அதே ஏபிசியில் 'பார்டர்டவுன்'. போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேற வந்தவர்களின் முகாமில் நடக்கும் கதை. உடன் நடித்தவர் ஹியூகோ வீவிங். 'போலீஸ் ரெஸ்க்யூ'விலும் முகம் காட்டியிருக்கிறார்.

அந்தத் தலைமுறை ஆஸ்திரேலிய நடிகர்கள் நிறையப் பேருக்கு இதே வழிதான். நாடகப் பள்ளி, அரசு மானியம் பெறும் நாடகக் கம்பெனி, ஏபிசி தொடர், உள்ளூர்ப் படம். ஹியூ ஜாக்மனும் பெர்த்திலுள்ள 'வாப்பா' பள்ளியில் 1994-ல் முடித்த கையோடு ஏபிசியின் 'கொரெல்லி' தொடருக்குப் போனவர். கேமரா முன்னால் நிற்கப் பழகுவதற்கு டிவி தொடரைப் போலப் பயிற்சி வேறு எதுவும் தராது. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய பக்கங்கள் சினிமாவைவிட ரொம்ப அதிகம், டேக் குறைவு, தப்பு செய்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

'எலிசபெத்' படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான்தானே? நண்பன் இல்லை என்கிறான்.
— வாசகர், திண்டுக்கல்

இரண்டு பேரும் பாதி சரி. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தாக கேட் நடித்த படங்கள் இரண்டு உண்டு, இரண்டையும் இயக்கியவர் நம் சேகர் கபூர். 1998-ல் வந்த 'எலிசபெத்' படத்துக்கு இசை டேவிட் ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற ஆஸ்திரேலியர். 2007-ல் வந்த 'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' படத்துக்குத்தான் ரஹ்மான், ஸ்காட்லாந்தின் கிரெய்க் ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து இசையமைத்தார்.

முதல் படம் எடுத்த சமயத்தில் கேட்டை ஆஸ்திரேலியாவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. 'பாரடைஸ் ரோடு', 'ஆஸ்கர் அண்ட் லூசிண்டா' என்று 1997-ல் வந்த உள்ளூர் இயக்குநர்களின் படங்கள்தான் கையில். அவரை இங்கிலாந்து ராணியாக்கியது ஓர் இந்தியர். அதில் ராணியின் உளவுத் தலைவர் வால்சிங்கமாக வருபவர் ஜெஃப்ரி ரஷ், 'ஒலியானா'வில் அவரோடு மோதிய அதே ரஷ். ராணியும் வால்சிங்கமும் பேசும் காட்சிகளை மறுபடி பாருங்கள். வார்த்தை குறைவு, எதிராளி பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதுதான் அதிகம். பல மாலைகள் ஒரே மேடையில் சேர்ந்து நின்றவர்களுக்குத்தான் அந்த நிதானம் வரும்.

நாடகத்தில் நன்றாக நடிப்பவர்கள் சினிமாவில் 'ஓவர்' ஆகத் தெரிவது ஏன்? இவருக்கு மட்டும் அது எப்படித் தெரியவில்லை?
— நாடகக் குழு உறுப்பினர், மதுரை

'குறைத்து நடி' என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் உதவாது. எதை, எவ்வளவு, ஏன் என்று பார்ப்போம்.

முதலில் குரல். சிட்னியில் அவர் நடித்த பெரிய அரங்கில் கிட்டத்தட்ட 900 இருக்கைகள். கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், சொல்லின் கடைசி மெய்யெழுத்து விழுங்கப்படாமல் ஒலிக்க வேண்டும். படப்பிடிப்பில் பூம் மைக் தலைக்கு மேல் இரண்டு மூன்று அடியில் தொங்கும், சட்டைக்குள் இன்னொரு மைக் இருக்கும். அங்கேயும் 900 பேருக்குப் பேசினால் செயற்கையாகத்தான் கேட்கும். சத்தத்தைக் குறைக்கும்போது பலர் செய்யும் தப்பு, மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடுவது. உடனே வசனம் உயிரில்லாமல் முணுமுணுப்பாகிவிடும். மூச்சு அதே அளவு இருக்கட்டும். பேசுகிற தூரத்தை மட்டும் எதிரே நிற்பவரின் காது வரை சுருக்குங்கள்.

அடுத்து கண். மேடையில் பார்வை திரும்பினால் தலையும் கூடவே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது வரிசைக்குத் தெரியாது. 85 எம்எம் லென்ஸில் குளோஸ்-அப் வைத்தால் திரையில் முகம் ஆள் உயரத்தைத் தாண்டும். புருவம் அரை அங்குலம் ஏறினாலே அது ஒரு வசனம். எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பது நேரில் இயல்பு, குளோஸ்-அப்பில் அது கருவிழி துடிப்பதாகத் தெரியும். ஆகவே கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மார்க். நடிகர் வந்து நிற்க வேண்டிய இடம் அது, தரையில் டேப்பில் 'டி' போல ஒட்டியிருப்பார்கள். கீழே பார்க்காமல் நடந்து வந்து சரியாக அதில் நிற்க வேண்டும். அரை அடி தள்ளி நின்றால் ஃபோகஸ் போய்விடும். இதற்கு ஒரு வழி உண்டு. மார்க்கிலேயே நின்று, வசனத்தைச் சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து, தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதே எண்ணிக்கையில் முன்னால் வந்தால் கால் தானாக அங்கே நிற்கும். மேடையில் விளக்கு வட்டத்துக்குள் போய் நிற்கப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும்.

கண்டினியூட்டியில்தான் மேடைக்காரர்கள் அதிகம் மாட்டுவார்கள். காபிக் கோப்பையை எந்தச் சொல்லில் தூக்கினோம், எந்தக் கையால் தூக்கினோம் என்பது வைட் ஷாட்டிலும் குளோஸ்-அப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் எடிட்டர் அந்த டேக்கை, எவ்வளவு நல்ல நடிப்பாக இருந்தாலும், விட்டுவிட நேரிடும். முதல் டேக்கிலேயே செய்கைகளைக் குறைவாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கேட்டுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவர் இரண்டு இடத்துக்கும் போய் வருவதை நிறுத்தவே இல்லை. 2022-ல் வந்த 'டார்' படத்தில் இசைக் கல்லூரி வகுப்பறைக் காட்சியைப் பாருங்கள். சுமார் பத்து நிமிடம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். நடக்கிறார், பியானோவில் உட்கார்கிறார், வாசிக்கிறார், எழுந்து ஒரு மாணவனை மடக்குகிறார். வசனம், மார்க், கையசைவு எல்லாம் ஒரே ஓட்டத்தில். மேடையில் மூன்று மணி நேரம் தாங்கிப் பழகிய உடம்புக்குத்தான் அது முடியும். அந்தப் படத்துக்காக ஜெர்மன் மொழி, பியானோ, இசைக்குழுவை நடத்துவது மூன்றையும் கற்றுக்கொண்டார். திரையில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையைப் பியானோவில் வாசிப்பதும் டிரெஸ்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்துவதும் அவரேதான்.

மேடையில் அவர் மண்டை உடைந்தது என்று படித்தேன். உண்மையா?
— வாசகி, கோயம்புத்தூர்

மண்டை உடையவில்லை, தலையில் அடிபட்டு ரத்தம் வந்தது உண்மை. 2009-ல் சிட்னியில் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகம். இயக்கியவர் நார்வே நடிகை லிவ் உல்மன். கேட்டுக்கு பிளான்ச் என்ற பெண்ணின் வேடம், ஜோயல் எட்ஜர்டனுக்கு ஸ்டான்லி வேடம். சீட்டாட்ட இரவுக் காட்சியில் ஸ்டான்லி குடித்துவிட்டு ரேடியோவைத் தூக்கி எறிய வேண்டும், அது நாடகத்திலேயே உள்ளது. ஒரு மாலை அந்த ரேடியோ கேட்டின் தலையில் பட்டது. தொடர்ந்து நடிக்கப் பார்த்தார், முடியவில்லை, அன்றைய நாடகம் ரத்தானது. பிறகு திரும்பி வந்து நடித்து முடித்தார். நாடகம் வாஷிங்டனுக்கும் நியூயார்க்கின் புரூக்ளினுக்கும் போனது.

உங்கள் குழுவில் பொருளை எறிகிற காட்சி இருந்தால் இதைச் செய்யுங்கள். எறியும் பொருளின் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டுக் கூடு மட்டும் வையுங்கள், மூலைகளில் ரப்பரோ நுரையோ ஒட்டுங்கள். எறியும் கோட்டைத் தரையில் சாக்பீஸால் போட்டு, அந்தக் கோட்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று ஸ்டேஜ் மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். எறிபவர் எதிராளியின் கண்ணைப் பார்த்து, அவர் தயாரென்று தெரிந்த பிறகே கையை ஓங்க வேண்டும். ஒவ்வொரு நாள் நாடகத்துக்கு முன்னும் சண்டைப் பகுதியைப் பாதி வேகத்தில் ஒருமுறை, முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது தொழில்முறைக் குழுக்களில் கட்டாயம். விபத்து பெரும்பாலும் முதல் நாளில் நடக்காது. எல்லாரும் பழகி, கோபம் நிஜமாகக் கூடும்போதுதான் கை நாலு அங்குலம் தள்ளிப் போகும்.

இந்த நாடகத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் இழந்து, பழைய அந்தஸ்தின் கதையைச் சொல்லிக்கொண்டே தங்கை வீட்டில் வந்து ஒண்டும் பெண் பிளான்ச். நாலு வருடம் கழித்து 'புளூ ஜாஸ்மின்' படத்தில் கேட் நடித்த ஜாஸ்மினும் தங்கை வீட்டில் வந்து ஒண்டும், பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்தான். அதற்குத்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர். ஒரு மனம் எந்த இடத்தில் பிளக்கும் என்பதை மூன்று ஊர் மேடைகளில் தினமும் நடித்துப் பார்த்த ஒருவருக்கு, ஜாஸ்மின் பெஞ்சில் உட்கார்ந்து தனியே பேசும் கடைசிக் காட்சி புதுப் பிரதேசமாக இருந்திருக்காது. மேடையை ஆரம்பப் படியாக மட்டும் நினைப்பவர்களுக்கு நாங்கள் காட்டும் உதாரணம் இதுதான்.

மொத்தம் எத்தனை ஆஸ்கர்?
— வாசகர், புதுச்சேரி

எட்டு முறை பரிந்துரை, இரண்டு விருது. 'தி ஏவியேட்டர்' படத்தில் பழைய ஹாலிவுட் நடிகை கேதரின் ஹெப்பர்னாக நடித்ததற்குத் துணை நடிகை விருது, 'புளூ ஜாஸ்மின்' படத்துக்குச் சிறந்த நடிகை விருது. ராணி எலிசபெத் என்ற ஒரே பாத்திரத்துக்காகவே இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டார்.

பெயருக்கு நாடகக் கம்பெனித் தலைவராக இருந்தாரா, வேலை பார்த்தாரா?
— வாசகர், சென்னை

வேலை பார்த்தார். கணவர், நாடக ஆசிரியர் ஆண்ட்ரூ அப்டனுடன் சேர்ந்து 2008-ல் சிட்னி தியேட்டர் கம்பெனியின் கலை இயக்குநரானார். ஐந்து வருடம். ஹாலிவுட் உச்சத்தில் இருந்த நேரம் அது.

அடுத்த வருடத்துக்கான நாடகங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பதவியின் மைய வேலை. முழு வருடத்துக்கும் சேர்த்துச் சந்தா விற்கும் கம்பெனி அது. ரசிகர்கள் நாடகத்தைப் பார்க்காமலே, பட்டியலை நம்பி முன்பணம் கட்டுகிறார்கள். பட்டியல் எல்லாமே பழைய பேர்பெற்ற நாடகங்களாக இருந்தால் இளைஞர்கள் வரமாட்டார்கள், எல்லாமே புதுசாக இருந்தால் சந்தாதாரர் புதுப்பிக்கமாட்டார். நடுவில் யாராவது விலகினால் உடனே மாற்று வேண்டும். 'குரோஸ் உண்ட் கிளைன்' என்ற ஜெர்மன் நாடகத்தை இயக்கவிருந்த லூக் பாண்டி நோய்வாய்ப்பட்டபோது, பெனடிக்ட் ஆண்ட்ரூஸ் கையிலெடுத்து முடித்தார். அது லண்டன், பாரிஸ், வியன்னா வரை போனது.

கம்பெனி இருப்பது வால்ஷ் பே துறைமுகத்தின் பழைய மரக் கப்பல்துறையில். அதன் கூரையில் 1,906 சூரிய மின்தகடுகளைப் பொருத்தியதும் இவர்கள் காலத்தில்தான். கட்டடத்தின் மின்தேவையில் சுமார் 70 சதவீதத்துக்கு என்று கணக்கிட்டுப் போட்டார்கள், கூடவே மழைநீர் சேமிப்பும்.

பதவியை விட்ட பிறகும் அங்கே நடிக்க வந்தார். 2015-ல் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் இளமைக்கால நாடகத்தை அப்டன் தழுவி எழுதிய 'தி பிரசன்ட்'. அதில் ஜோடி ரிச்சர்ட் ராக்ஸ்பர்க், அன்றைய ஹாம்லெட். அதே நாடகத்தோடுதான் 2017 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் முதல்முறையாக மேடையேறினார், டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

ஆண் வேடத்தில் நடித்திருக்கிறாரா?
— வாசகி, தஞ்சாவூர்

சினிமாவிலும் உண்டு, மேடையிலும் உண்டு. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வாழ்க்கையை ஆறு நடிகர்கள் பங்கிட்டு நடித்த 'ஐ'ம் நாட் தேர்' (2007) படத்தில் அறுபதுகளின் டிலன் சாயலில் வருபவர் இவர்தான். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்த வேடம் அது. 2009 சிட்னி திருவிழாவில், ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைச் சுருக்கி எட்டு மணி நேரத்தில் நடத்திய 'தி வார் ஆஃப் தி ரோசஸ்' நாடகத்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர். தொடக்கப் பகுதி முழுக்க மேலிருந்து தங்கநிறத் தாள்துகள் மழையாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், நடிகர்கள் அதற்குள்ளேயே நின்று பேச வேண்டும். எதிரே இருப்பவர் முகம் கூடச் சரியாகத் தெரியாத அந்தப் பொழிவில் பார்வையாளரைப் பிடித்து வைத்திருக்க மிஞ்சுவது குரல் ஒன்றுதான்.

எந்த நாட்டு ஆங்கிலமும் அவருக்கு வருகிறதே, அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?
— ஆசிரியை, ஈரோடு

இருக்கிறது. நாடகப் பள்ளிகளில் ஒலிக்குறிகளோடு சொல்லிக்கொடுக்கிறார்கள், வீட்டிலும் செய்யலாம். சொற்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இயல்பாகப் பேசும் இரண்டு நிமிட ஒலிப்பதிவை எடுத்து, வார்த்தையைக் கவனிக்காமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடுத்து தாடை. ஆஸ்திரேலியர் தாடையை அதிகம் திறக்காமல் பேசுவார்கள், லண்டன் மேட்டுக்குடிப் பேச்சுக்கு அது கீழே இறங்க வேண்டும். மூன்றாவதுதான் தனி ஒலிகள். 'கார்' என்று சொல்லும்போது சிட்னிக்காரரும் லண்டன்காரரும் கடைசி 'ர்' சொல்லமாட்டார்கள், 'கா' என்று நிறுத்துவார்கள். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் நாக்கை மடித்து அதைச் சொல்வார்கள். தப்பு பெரும்பாலும் வருவது கோபமாகவோ வேகமாகவோ பேசும் இடத்தில். சொந்த ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். ஆகவே அந்த வசனங்களைத்தான் அதிகம் பழக வேண்டும்.

ஹெப்பர்ன் வேடத்தில் இன்னொரு சிக்கல். பிரபலமான ஒரு குரலை அப்படியே நகல் எடுத்தால் மிமிக்ரி ஆகிவிடும். ஹெப்பர்னின் ஆரம்பகாலப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தயாரானார் கேட். குரலோடு நின்றுவிடாமல் வேகத்தையும் நடையையும் எடுத்துக்கொண்டதால்தான் அது தப்பித்தது.

மேடையில் நடிக்கிறேன். சினிமா ஆடிஷனுக்கு வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது?
— நாடக மாணவர், சென்னை

ஃபோனைக் குறுக்கு வாக்கில், உங்கள் கண் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். பின் கேமராவில் எடுங்கள். நெஞ்சிலிருந்து தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு ஃபிரேம். பின்னால் வெறும் சுவர். அதிலிருந்து மூன்று அடி முன்னால் நின்றால் நிழல் விழாது. ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும், முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள்.

எதிர் வசனம் சொல்பவர் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும், அப்போதுதான் உங்கள் இரண்டு கண்ணும் தெரியும். அவர் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் குரல் உங்களைவிட உரக்கப் பதிவாகும். ஆகவே அவர் பாதிக் குரலில், உணர்ச்சி கொட்டாமல் பேசட்டும். லென்ஸைப் பார்த்து நடிக்காதீர்கள். இல்லாத பொருளைக் கையால் காட்டாதீர்கள். இரண்டு டேக் அனுப்பலாம், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்று போதும். பெயர், உயரம், ஊர் சொல்லும் பகுதியைத் தனியாக எடுத்துக் கடைசியில் சேருங்கள்.

அவர் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?
— வாசகி, நாகர்கோவில்

முதலில் 'எலிசபெத்'. அடுத்து 'ஐ'ம் நாட் தேர்', அப்போதுதான் எவ்வளவு தூரம் போகக்கூடியவர் என்று தெரியும். பிறகு 'புளூ ஜாஸ்மின்', 'கேரல்' இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். ஒன்றில் எல்லாம் வெளியே கொட்டும், மற்றதில் எல்லாம் உள்ளே நிற்கும். தொடர்களில் ஒன்பது பாக 'மிஸஸ் அமெரிக்கா' சிறப்பு. ஆஸ்திரேலியாவின் அகதித் தடுப்பு முகாம்களைப் பற்றிய ஆறு பாக 'ஸ்டேட்லெஸ்' தொடரையும் விடாதீர்கள். அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர், நடித்தது சிறு வேடம்தான். 2023-ல் வந்த 'தி நியூ பாய்', பூர்வகுடி இயக்குநர் வார்விக் தார்ன்டனின் படம், கேட் அதில் கன்னியாஸ்திரீ. 'டார்' இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, நல்ல ஹெட்போனோடு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள்; பின்னணியில் கேட்கும் சின்னச் சின்னச் சத்தங்களில்தான் கதை பாதி இருக்கிறது.